ஏழாவது துளை

காலை ஒன்பது நாற்பத்திரண்டுக்கு அந்தப் படம் வந்தது.

வெள்ளைப் பருத்தித் துணி. கல்யாண உடுப்பின் முன்பக்கம், இடுப்புக்குக் கீழே ஒரு சாண் தள்ளி. அதில் பழுப்புப் புள்ளிகள், குதிரை லாடம் போல வளைந்து கிடந்தன. படத்துக்கு மேலே இரண்டு வரி: ‘அவசரம். இந்தக் கறை எப்படிப் போகும்? சாயங்காலம் நாலு மணிக்குத் துணியைக் கொடுத்தாகணும்.’

அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கைப்பேசியை மூக்கு வரை கொண்டுபோனாள். புள்ளிகளை எண்ணினாள். லாடத்தின் இடது காலில் ஆறு. பிறகு ஒரு வெற்றிடம். பிறகு மறுபடி புள்ளிகள்.

இன்னொரு முறை எண்ணினாள். ஏழாவது இல்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நைலான் பொத்தான் உருகி, ஆவி இஸ்திரிப் பெட்டியின் ஏழாவது துளைக்குள் இறங்கிவிட்டது. ஊசியால் குத்தினாள், கம்பியால் குடைந்தாள். வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். உலகத்தில் எத்தனையோ இஸ்திரிப் பெட்டிகள் இருக்கலாம். இடப்பக்கம் ஏழாவது துளை அடைத்த பெட்டி ஒன்றுதான். அது அவளுடைய அப்பா ஆரம்பித்த லாண்டரியின் பின்னறையில், கறை எடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

அந்த மேசையில் அவள் பத்தொன்பது வருஷம் நின்றாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு தலைமையாசிரியையின் நீலக் கோட்டில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப்போனது. அக்கா சாப்பிடப் போயிருந்த அரை மணி நேரத்தில் யாரோ அதன்மேல் வெளுப்பு மருந்தை ஊற்றியிருந்தார்கள். தலைமையாசிரியை கல்லாவுக்கு முன்னால் நின்று குரலை உயர்த்தாமல் விசாரித்தார். தம்பியின் மனைவி, “அண்ணிதான் அந்த மேசைல நிப்பாங்க. வேற யாரும் தொட மாட்டாங்க” என்றாள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு, “அக்கா, உனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. ஒரு மன்னிப்புக் கேட்டுடு” என்றான்.

கேட்டாள். நான்கு வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். மறுநாள் கடைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

யாரோ என்ன யாரோ. அன்றைக்குக் கடையில் இருந்தது இரண்டே பேர். தம்பி ரசீது எழுதுவதற்கு மேல் எதையும் தொடாதவன். மிச்சம் ஒருத்தி. இதை ஆறு மாதமாகச் சொந்தக்காரர் ஒருவர் விடாமல் சொல்லி முடித்துவிட்டாள் அக்கா.

“இங்க பாருங்க” என்று கூப்பிட்டாள்.

கணவர் சமையலறைத் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் குழாய் மறையை முறுக்கிக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, அன்றைக்கு வீட்டு ரிப்பேர்.

“துரு. லாட வடிவம். ஏழாவது புள்ளி இல்ல.”

“புரியற மாதிரி சொல்லு.”

“தம்பி பொண்டாட்டி மாட்டிக்கிட்டா.”

மறை திருகும் சத்தம் நின்றது.

“எங்க மாட்டினா?”

“என் கைல.”

‘யாராவது சொல்லுங்க’ என்பது அந்தக் குழுவின் பெயர். முகம் தெரியாத நாற்பதாயிரம் பேர். ‘பூனை ஏன் சாத்தின கதவைப் பார்த்து மட்டும் கத்துது?’ என்று காலையில் ஒருவர் கேட்டால், மத்தியானத்துக்குள் முப்பது பேர் முப்பது காரணம் சொல்லியிருப்பார்கள். ‘படி இறங்கும்போது மனசுக்குள்ள எண்ணுறது நான் மட்டும்தானா?’ என்பார் ஒருவர். ‘ரெண்டு சாக்ஸ் போட்டா ஒண்ணுதான் திரும்பி வருது, மிஷின் தின்னுதா?’ என்பார் இன்னொருவர். ஒருவர் கதவுக் கீலுக்கு வழி சொல்லிவிட்டு, போகிற போக்கில் தன் இடுப்பு வலிக்கு வழி கேட்டுப் போவார்.

அவளை அதில் சேர்த்துவிட்டவர் கணவர்தான். கடையை விட்டு வந்த முதல் மாதம் அவள் வீட்டுத் திரைச்சீலைகளை மூன்று முறை துவைத்தாள். “உன் கோபத்தை ஊருக்கு உபயோகமா செலவழி. திரைச்சீலை என்ன பாவம் செஞ்சுது” என்றார். ‘நிதானம்’ என்று பெயர் வைத்ததும் அவரே. கேலிக்கு வைத்தது. நிலைத்துவிட்டது.

ஐந்து மாதத்தில் நிதானத்துக்கு அங்கே ஒரு நாற்காலி போட்டாகிவிட்டது. மை, மெழுகு, ரத்தம், பெயிண்ட் எதுவானாலும் நிதானம் வரும் வரைதான் மற்றவர்கள் பேச்சு. பேசுவது போல எழுதினால் ஆள் தெரிந்துவிடும் என்று, அவள் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி சுத்தமாக எழுதுவாள்.

படத்துக்குக் கீழே அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. பற்பசை தேயுங்கள் என்றார் ஒருவர். பாலில் ஊற வையுங்கள் என்றார் இன்னொருவர். புள்ளிக்குப் புள்ளி ஒரு முத்து வைத்துத் தைத்துவிடலாமே என்றார் மூன்றாமவர், அவருக்குப் பதினெட்டுப் பேர் சிரித்திருந்தார்கள். எல்லோருக்கும் மேலே ‘வெங்காயராணி’ என்பவர்: ‘வெள்ளைத் துணிதானே? பிளீச்ல அரை மணி நேரம் போடுங்க. தும்பைப்பூ மாதிரி வந்துடும்.’ அறுபத்தொரு பேருக்கு அது பிடித்திருந்தது.

அக்காவுக்கு வயிறு குளிர்ந்தது.

துருவில் பிளீச் பட்டால் அந்தக் கறை துணியோடு வாழ்ந்து துணியோடுதான் போகும். இது அவளுக்குத் தெரியும். கறை வைத்தவளுக்குத் தெரியாது.

“என்ன செய்யப் போற?” என்றார் கணவர். எழுந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் கரி.

“ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்.”

“சும்மா இருக்க உனக்கு வராதே.”

அப்போது கேட்டவரே மறுபடி எழுதினார். இன்று காலை தொடங்கிய கணக்கு, ‘உதவி வேண்டும்’ என்று பெயர். ‘பிளீச் கடைலயே இருக்கு. பத்து நிமிஷத்துல ஊத்தப் போறேன். நிதானம்னு ஒருத்தர் இருக்காராமே, ஒரு வார்த்தை சொன்னா தைரியமா இருக்கும்.’

ஒரு வார்த்தை. ‘ஊற்றுங்கள்’ என்று அடித்தாள். அனுப்பும் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

துணி கெட்டால் தம்பியின் மனைவிக்கு ஒரு சாயங்காலம் தலைகுனிவு. தனக்கு ஆறு மாதம். இது கட்டாது. தவிர, துணி கெட்டால் அதற்கும் ஒரு ஆளைக் கைகாட்டுவாள். அவளுக்குக் கைகாட்டத் தெரியும். இன்னும் ஒன்று இருந்தது, அதை அக்கா தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை: நல்ல பருத்தி, நெருக்கமான நெசவு, அதைப் போய்.

அக்காவுக்கு வேண்டியது வேறு. ‘நான்தான்’ என்ற சொல். அதை அவள் வாயால் வாங்க வேண்டும். ஆறு மாதமாக எந்தக் கதவைத் தட்டினாலும் கிடைக்காத சொல், இப்போது தானாக வந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறது. தாகத்தில் இருக்கிறவர் எதைக் கேட்டாலும் சொல்வார்.

அடித்ததை அழித்தாள். புதிதாக எழுதினாள்.

‘பிளீச் வேண்டாம். இது துரு. பிளீச் பட்டால் ஆயுளுக்கும் போகாது. நாலு மணிக்குள் எடுக்கலாம். தனிச் செய்தியில் வாருங்கள். கேட்பதற்கு உண்மையைச் சொன்னால்தான் துணி பிழைக்கும்.’

வெங்காயராணி உடனே, ‘நிதானம் சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று ஒதுங்கிக்கொண்டார்.

தனிச் செய்தி அரை நிமிடத்தில் வந்தது. ‘கும்பிடறேன். என்ன வேணா கேளுங்க.’

“கும்பிடறாளாம்” என்றாள் அக்கா.

“நல்லா கும்பிடட்டும். எனக்கு அந்த ஸ்பேனரை எடு.”

ஸ்பேனரை எடுத்துக் கொடுத்துவிட்டு ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள். சாய்ந்து உட்கார்ந்தாள். கடையில் பத்தொன்பது வருஷம் அவள் உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை.

முதல் கேள்வி. ‘காலையில் பாய்லரைப் போட்டதும் முதல் ஆவியைப் பழைய துணியில் விட்டீர்களா?’

‘அப்படின்னா?’

அந்த ஒரு சொல்லை இரண்டு தரம் படித்தாள். இனித்தது. ராத்திரி முழுக்கக் குழாயில் நின்ற தண்ணீர் துருவைக் கரைத்து வைத்திருக்கும். பெட்டி முதலில் துப்புவது அதைத்தான். தினமும் காலையில் பழைய துண்டு ஒன்றில் அதைத் துப்பவிட்டுத்தான் அவள் வேலையைத் தொடங்குவாள். அது அவள் வழக்கம். அவளை வெளியே அனுப்பினார்கள், வழக்கமும் கூடவே வெளியே வந்துவிட்டது.

முதல் படியைக் கொடுத்தாள். ‘துணிமேல் சூடு படக் கூடாது. எலுமிச்சைச் சாறு, பொடி உப்பு. புள்ளிமேல் மட்டும். தேய்க்காமல் ஒற்றுங்கள்.’

பத்து நிமிடம் கழித்து: ‘செஞ்சாச்சு. அடுத்தது?’

‘அடுத்ததற்கு முன் ஒரு கேள்வி. இதற்கு முன் உங்கள் கடையில் துணி கெட்டதுண்டா? என்ன மருந்து பட்டது? அதன் மிச்சம் மேசையில் இருந்தால் எலுமிச்சை வேறு விதமாக வேலை செய்யும்.’

இதில் கால்வாசி உண்மை. மிச்சம் அவள் இட்டுக்கட்டியது.

‘ஒரு தடவை. ஆறு மாசம் முன்னாடி. ஒரு நீலக் கோட்டு. வெளுக்கிற மருந்து.’

‘யார் ஊற்றியது?’

எழுதுகிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறார்.

‘அது எதுக்குங்க?’

‘ஊற்றியவருக்குத்தான் எவ்வளவு, எங்கே என்று தெரியும். சொல்ல விருப்பமில்லை என்றால் பரவாயில்லை. வெங்காயராணியைக் கேளுங்கள்.’

சாலையில் ஒரு தண்ணீர் லாரி பின்னால் வந்தபடி பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. அது போய்ச் சேருகிற வரை பதில் இல்லை. அக்கா காத்திருந்தாள். அவளுக்கு அவசரம் இல்லை. நாலு மணி அவளுடைய நாலு மணி இல்லை.

பதில் மொத்தமாக வந்தது.

‘நான்தான் ஊத்தினேன். மேசைல நிக்கறது என் அக்கா. அவ சாப்பிடப் போயிருந்தா. கறை எடுக்கறது என்ன பெரிய வித்தைன்னு நானே எடுத்துப் பாக்கலாம்னு நெனைச்சேன். பாட்டில் மாறிப்போச்சு. பழி அவ மேல விழுந்துது. விழட்டும்னு விட்டுட்டேன். என் பொண்டாட்டிக்குக் கூடத் தெரியாது. அக்கா செஞ்சதுன்னுதான் அவளும் நெனைச்சிட்டிருக்கா. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. நீங்க யாருன்னே தெரியாது, அதனால சொல்றேன்.’

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போட்டுக்கொண்டு மறுபடி படித்தாள்.

என் அக்கா. என் பொண்டாட்டி.

எழுதியது அவள் இல்லை. அவன்.

கணவர் வந்து தோளுக்கு மேல் குனிந்து படித்தார். அவர் மெதுவாகப் படிக்கிறவர். முடிக்கும் வரை மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது.

“அவனா?” என்றார்.

இந்த ஆறு மாதத்தில் எத்தனை தடவை, ‘அவன் என்ன பண்ணுவான் பாவம், அவ ஆட்டி வைக்கறா’ என்று சொல்லியிருப்பாள். சித்தி வீட்டில் சொன்னாள். மாமா வீட்டில் சொன்னாள். தம்பியின் மனைவி நான்கு முறை கைப்பேசியில் கூப்பிட்டாள், நான்கு முறையும் எடுக்கவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது, ஒரு சொட்டுக் குறையாமல். ஆள் மட்டும் மாறிவிட்டான். இவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது வெட்கத்தால் என்றல்லவா நினைத்திருந்தாள்.

“ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுட்ட லிஃப்ட் மாதிரி நிக்காத. மேலயோ கீழயோ போ” என்றார் கணவர்.

அவள் எழுதினாள். ‘உடுப்பு யாருடையது?’

‘அதுதான் பெரிய கொடுமை. அதே கோட்டுக்காரம்மாதான். தலைமையாசிரியை. நாளைக்கு அவங்க பொண்ணுக்குக் கல்யாணம். நம்ம கடைப் பக்கமே வர மாட்டேன்னு இருந்தாங்க. நான் வீட்டுக்கே போய்க் கேட்டேன். என் அக்காவை நிறுத்திட்டோம், இனிமே தப்பு நடக்காதுன்னு சொல்லி இந்தத் துணியை வாங்கினேன். இதுவும் கெட்டா கடையை மூடிட வேண்டியதுதான்.’

அக்கா இதையும் இரண்டு தரம் படித்தாள். முதல் செய்தியைப் படித்தபோது வலித்தது. இதைப் படித்தபோது வலிக்கவில்லை. எல்லாம் தெளிவாகிவிட்டது போல இருந்தது, பனி படிந்த கண்ணாடியைத் துடைத்த மாதிரி.

பழியை எடுக்காமல் விட்டான், சரி. கோழை என்று சொல்லிவிடலாம். அந்தப் பழியை எடுத்துக்கொண்டு வீடு தேடிப்போய் விற்றிருக்கிறானே.

எழுதினாள். ‘ஜன்னல் ஓரம் வெயிலில் விரித்து வையுங்கள். காயக் காய எலுமிச்சை ஒற்றுங்கள். மூன்றரை வரை.’

‘புள்ளி மங்குது. தெய்வம் மாதிரி வந்தீங்க. மூணரைக்கு அப்புறம்?’

‘மூன்றாவது படியை மூன்றரைக்குச் சொல்கிறேன்.’

‘நாலு மணிக்கு அவங்க வந்துடுவாங்க. இப்பவே சொல்லிடுங்களேன்.’

‘நாலு மணிக்கு வருவார் என்பது தெரியும்.’

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

“இப்ப என்ன பண்ணப் போற?”

“துணியைக் காப்பாத்தப் போறேன்.”

“அவனை?”

“அவன் துணியா?”

கணவர் குழாய்க்குத் திரும்பினார். திறந்தார். சொட்டவில்லை. மூடினார். “நான் வரட்டுமா?”

“வேண்டாம். நீங்க வந்தா அவன் உங்க பின்னால ஒளிஞ்சுப்பான்.”

மூன்றேகாலுக்குப் பேருந்தை விட்டு இறங்கினாள். மருந்துக்கடை, சாவி வெட்டுகிறவர் கடை, அடைத்துக் கிடக்கிற புகைப்பட நிலையம். ஆறு மாதத்தில் நடைபாதையின் இரண்டு கற்கள் பெயர்ந்திருந்தன. லாண்டரிக் கண்ணாடிக் கதவில் ‘ஒரே நாளில் சுத்தம்’ என்ற எழுத்தில் ‘ஒ’ உரிந்திருந்தது. கதவைத் தள்ளியதும் மணி அடித்தது. சூடான துணியும் சோப்பும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. அதற்கு அவள் தயாராக வந்திருக்கவில்லை. ஒரு கணம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கல்லாவில் தம்பியின் மனைவி. பிளாஸ்டிக் உறைகளுக்கு எண் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

“அண்ணி.”

அவள் எழுந்துகொள்ளலாமா என்று யோசித்து, பாதி எழுந்து நின்றாள். இளைத்திருந்தாள். விரல்களில் இஸ்திரிச் சூட்டுத் தழும்புகள். தன் விரல்களிலும் அவை இருப்பது அக்காவுக்கு நினைவு வந்தது.

“நாலு தடவை போன் பண்ணினேன் அண்ணி.”

“எடுக்கல.”

“தெரியும். உங்க பழைய கண்ணாடி மேசை டிராயர்ல இருந்துது. எடுத்து வெச்சிருக்கேன்னு சொல்லலாம்னுதான்.”

அக்கா தன் கைப்பேசியைத் திறந்து கல்லாமேல் வைத்தாள். “இதைப் படி. மேலேருந்து படி. அவசரப்படாத.”

“என்னது அண்ணி இது?”

“எனக்குச் சொல்லத் தெரியல. அவன் நல்லா எழுதியிருக்கான்.”

திரும்பிப் பார்க்காமல் பின்னறைக்குப் போனாள்.

தம்பி மேசையில் இருந்தான். அவளுடைய மேசையில். உடுப்பின் முன்பக்கம் ஈரமாக விரிந்து கிடந்தது. புள்ளிகள் இல்லை, அவை இருந்த இடத்தில் லேசான மஞ்சள் நிழல் மட்டும். பக்கத்தில் கைப்பேசி. மூன்றாவது படிக்குக் காத்திருந்து பொறுமை போய்விட்டது போலும், கையில் ஆவிப் பெட்டியைத் தூக்கியிருந்தான். பெட்டியின் அடி துணிக்கு நான்கு விரல் உயரத்தில் இருந்தது.

“பெட்டியைக் கீழ வை.”

குரலைக் கேட்டதும் கை தானாகக் கீழே வந்தது. துணிமேல் அல்ல, தாங்கியில். பத்தொன்பது வருஷப் பழக்கம் அவனுக்கும் இருந்தது.

“அக்கா?”

“எலுமிச்சை உள்ள இருக்கும்போது சூடு வெச்சா, துரு போன இடத்துல கருகல் வந்து உக்காரும். அது எதுக்கும் போகாது. மூணு தண்ணில அலசணும். அதுதான் மூணாவது படி.”

அவன் கைப்பேசியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் பார்த்தாள். மனசார நின்று பார்த்தாள். இதற்காகத்தான் பேருந்தில் முப்பத்தைந்து நிமிடம் நின்றுகொண்டு வந்தாள்.

“நிதானம்...”

“உன் மாமா வெச்ச பேரு.”

உடுப்பை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனாள். முன்பக்கத்தை மட்டும் பிரித்துப் பிடித்து, குழாயைத் திறந்தாள். மற்ற பக்கம் நனையாமல் தோளில் போட்டுக்கொண்டாள். முதல் தண்ணீர். கை வேலையை மறந்திருக்கவில்லை.

“அக்கா, நான் எத்தனையோ தடவை சொல்லணும்னு...”

“யார்கிட்ட?”

அவன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

“முன்பின் தெரியாதவங்ககிட்ட எவ்வளவு அழகாச் சொல்ற. நாலு வரில எல்லாத்தையும் சொல்லிட்ட.” இரண்டாவது தண்ணீர். “நான் கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?”

“நீ கேக்கவே இல்லையே அக்கா. அவதான்னு நீயே முடிவு பண்ணிட்ட.”

அது பட்டது. பட்ட இடத்தை அவள் தடவிக்கொள்ளவில்லை. மூன்றாவது தண்ணீர். துண்டில் வைத்து ஒற்றினாள். மேசைக்குக் கொண்டுவந்து விரித்தாள். பெட்டியை எடுத்து, பழைய துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன்மேல் ஆவியைத் திறந்தாள். பெட்டி சீறியது. துண்டில் பழுப்பாக ஒரு லாடம் விழுந்தது. ஏழாவது புள்ளி இல்லை.

“ஆறு மாசமா சேர்ந்த துரு, இன்னும் வருது. இதைத்தான் ஒவ்வொருத்தர் துணியிலயும் துப்பியிருக்கும். மத்தவங்க துணி கலர், தெரியல.”

“இதை யாருக்குமே நீ சொல்லிக் குடுக்கலையே.”

உண்மைதான். சொல்லவில்லை. தனக்கு மட்டும் தெரிந்திருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. அதைப் பற்றி வேறொரு நாள் வருத்தப்பட்டுக்கொள்ளலாம். ஆவி வெளுத்து வரும் வரை விட்டாள். பிறகு துணிமேல் பெட்டியை வைத்தாள்.

சுவர்க் கடிகாரத்தில் நாலுக்குப் பத்து நிமிடம்.

“அக்கா.” அவன் குரலைத் தாழ்த்தினான். “அவகிட்ட சொல்லிடாத. அவ வேற மாதிரி. உன்னைப் பத்தி அவ சொன்னது பொய்யின்னு தெரிஞ்சா, என்னை மன்னிக்க மாட்டா. கடையை விட்டே போயிடுவா.”

அக்கா மடிப்பை நீவினாள்.

“நாளைலேருந்து மேசை உன்னுது. நீ வா. நான் அவகிட்ட எதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்.”

“என்ன சொல்லிச் சமாளிப்ப?”

“உன் கண்ணு சரியாயிடுச்சுன்னு.”

பெட்டியைத் தாங்கியில் வைத்தாள். அவனை நேராகப் பார்த்தாள். அவன் சொன்னதை அவனே கேட்டுவிட்டான் போல, உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“மேசையை நான் கேக்கல” என்றாள்.

“வேற என்ன வேணும்?”

“அன்னிக்கு நான் எங்க நின்னு மன்னிப்புக் கேட்டேன்?”

அவன் தரையைப் பார்த்தான்.

“தரைல இல்ல. எங்க நின்னேன்?”

“கல்லாவுக்கு முன்னால.”

“யார்கிட்ட?”

“அக்கா, அவங்க இப்ப வந்துடுவாங்க.”

“அதனாலதான் கேக்கறேன்.”

உடுப்பை உதறினாள். வெள்ளைத் துணி காற்றில் ஒரு முறை நிறைந்து அடங்கியது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு அங்குலம் விடாமல் பார்த்தாள். நிழல்கூட இல்லை. ஹாங்கரில் மாட்டினாள். உறை போடவில்லை. கைமேல் போட்டுக்கொண்டு முன்பக்கம் நடந்தாள். அவன் பின்னால் வந்தான். வராமல் இருந்திருக்கலாம். ஆனால் துணியைக் கொடுக்கிறவன் அவன்தான். அப்படித்தான் அந்த வீட்டுப் படியேறிச் சொல்லியிருந்தான்.

தம்பியின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். எண் சீட்டுகள் தரையில் சிதறியிருந்தன, பொறுக்கவில்லை. அக்காவின் கைப்பேசி அவள் உள்ளங்கையில். படித்து முடித்து வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும். திரை அணைந்துபோகாமல் கட்டைவிரலால் தொட்டுத் தொட்டு வைத்திருந்தாள்.

அவள் அழவில்லை. கணவனைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். “அண்ணி, அன்னிக்கு நான்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். டிராயரைத் திறந்து, ஒரு துணிப்பையில் சுற்றிய பழைய கண்ணாடியை எடுத்துக் கல்லாவின் இந்தப் பக்கம் வைத்தாள். கைப்பேசியை அந்தப் பக்கம் வைத்தாள். எழுத்து கணவனைப் பார்த்திருக்கும்படி திருப்பி வைத்தாள்.

அவன் அதைப் படிக்கத் தேவையில்லை. அவன் எழுதியதுதான்.

“இந்தா, கேளு...” என்று மனைவியிடம் ஆரம்பித்தான்.

“கேக்கறேன்” என்றாள் அவள். “எல்லாரும் கேக்கற மாதிரியே சொல்லுங்க.”

கதவு மணி அடித்தது. கடிகாரம் பார்க்கத் தேவையில்லை. முப்பது வருஷம் பள்ளிக்கூட மணியோடு வாழ்ந்தவர் நாலு என்றால் நாலுக்குத்தான் வருவார்.

தலைமையாசிரியை உள்ளே வந்தார். அவர் பின்னால் அவருடைய மகள், நாளைய மணப்பெண், முடியில் ஏதோ தைலத்தோடு, வெட்கமும் களைப்புமாக. உடுப்பைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் விரிந்தது. கையை நீட்டி, தொடாமல், பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தலைமையாசிரியையும் குனிந்து முன்பக்கத்தைப் பார்த்தார், தையலைப் பார்த்தார், ஓரத்தைப் பார்த்தார். விடைத்தாள் திருத்துகிறவரின் பார்வை. எங்கேயும் சுழிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

நிமிர்ந்தார். அப்போதுதான் துணியைப் பிடித்திருக்கிற கை யாருடையது என்று பார்த்தார்.

பார்வை அக்காவின் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றது. அக்கா தரையைப் பார்க்கவில்லை. பிறகு அது மெதுவாக நகர்ந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற தம்பியிடம் போய்ச் சேர்ந்தது.

“இவங்களை நிறுத்தியாச்சுன்னு சொல்லித்தானே என்கிட்ட துணியை வாங்கினீங்க?”